ஜெயித்த வழக்குக்கு வக்கீல் ஃபீஸ் யார் தருவது?

வரி வழக்கு முடிந்த பிறகு வரும் செலவுக் கணக்கைப் பற்றி இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன், கேட்டவர்களின் சொந்த விவரங்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: பனியன் ஜாப் ஒர்க் செய்கிறேன். 2016 நவம்பரில் கையிருப்பில் இருந்த பழைய நோட்டுகளை வங்கியில் கட்டினேன். கணக்கில் வராத பணம் என்று சொல்லி வருமான வரித் துறை வரி போட்டுவிட்டது. முதல் மேல்முறையீட்டில் தோற்று, சென்னையில் உள்ள வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் முழுமையாக ஜெயித்தேன். ஆனால் ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் கொடுத்ததே ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதைத் துறையிடமிருந்து வாங்க முடியுமா? (திருப்பூர் வாசகர்)

பதில்: சட்டத்தில் வழி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 254(2பி) பிரிவு, தீர்ப்பாயத்தில் நடக்கும் மேல்முறையீட்டின் செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யும் அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கே கொடுக்கிறது. 1999 ஜூன் 1 முதல் இது அமலில் இருக்கிறது. தோற்றவர்தான் தர வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை, தீர்ப்பாயத்தின் விருப்பம் என்று விட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக அந்த விருப்பம் வரி கட்டுபவர் பக்கம் சாய்ந்தது மிக அபூர்வம்.

அபூர்வமாக இருப்பதற்கு ஒரு காரணம், பெரும்பாலான மேல்முறையீடுகளில் யாரும் செலவைக் கேட்பதே இல்லை. உங்கள் மேல்முறையீட்டு மனுவை எடுத்து அதில் உள்ள காரணங்களைப் படித்துப் பாருங்கள். வரி போட்டது தப்பு, விளக்கத்தை ஏற்காதது தப்பு, கணக்குப் புத்தகத்தைப் பார்க்காதது தப்பு என்று எட்டுப் பத்து காரணம் இருக்கும். எனக்கு ஆன செலவையும் தரச் சொல்லுங்கள் என்று ஒரு வரி இருக்கிறதா? அனேகமாக இருக்காது. கேட்காத ஒன்றை எந்தத் தீர்ப்பாய உறுப்பினரும் தானாக எடுத்துக் கொடுக்க மாட்டார்.

இனிமேல் கேட்கலாமா என்றால், கஷ்டம். தீர்ப்பாயத்தின் உத்தரவில் உள்ள வெளிப்படையான பிழையைத் திருத்தச் சொல்லி 254(2) பிரிவில் மனு போடலாம், உத்தரவு வந்த மாதத்தின் முடிவிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். முன்பே செலவு கேட்டிருந்து, அதைப் பற்றி உத்தரவில் ஒரு வார்த்தையும் இல்லை என்றால் அந்த மனுவுக்கு அர்த்தம் உண்டு. கேட்கவே இல்லை என்றால் அது பிழை ஆகாது.

ஆனால் வேறொரு பணம் உங்களுக்கு வர வேண்டியிருக்கலாம், அதை விட்டுவிடாதீர்கள். அந்தக் காலத்து டெபாசிட்டுகளுக்குத் துறை போட்ட வரி சாதாரண வரி இல்லை. 115பிபிஇ பிரிவில் 60 சதவீதம் வரி, அந்த வரியின் மேல் 25 சதவீதம் சர்சார்ஜ், அப்புறம் செஸ், எல்லாம் சேர்த்து 77.25 சதவீதம். பத்து லட்சம் டெபாசிட் என்றால் 7,72,500 ரூபாய் டிமாண்ட், அதாவது கட்டச் சொல்லும் தொகை. மேல்முறையீடு முடியும் வரை வசூலை நிறுத்தி வைக்க 20 சதவீதம் கட்டச் சொல்வது 2017 ஜூலைக்குப் பிறகு துறையின் பொதுவான நடைமுறையாக இருந்தது, அதாவது இந்தக் கணக்கில் 1,54,500 ரூபாய். நீங்கள் ஜெயித்தபின் இந்தப் பணம் வட்டியோடு திரும்ப வர வேண்டும். 244ஏ பிரிவின்படி மாதம் அரை சதவீதம். நான்கு வருடம் அவர்கள் கையில் இருந்திருந்தால் 37,080 ரூபாய் வட்டி. தீர்ப்பைச் செயல்படுத்தச் சட்டம் கொடுத்திருக்கும் கெடுவைத் தாண்டி இழுத்தடித்தால் அதற்கு மேல் ஆண்டுக்கு 3 சதவீதம் கூடுதல் வட்டியும் உண்டு. வட்டிக்கு வருமான வரி உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள்.

வட்டி வந்துவிட்டதே, அதுதான் செலவு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். வட்டி என்பது உங்கள் பணத்தை அவர்கள் வைத்திருந்ததற்கு. வக்கீல் ஃபீஸ், தீர்ப்பாயம் இருக்கும் பெசன்ட் நகர் ராஜாஜி பவனுக்கு ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்களோ உங்கள் ஆடிட்டரோ போய் வந்த செலவு, கடையை மூடிவிட்டுக் காகிதம் தேடிய நாட்கள், இவை தனிக் கணக்கு. அந்தக் கணக்கை யாரும் தீர்க்கவில்லை என்ற உங்கள் கோபம் நியாயமானது.

கேள்வி: வக்கீல் ஃபீஸ் திரும்ப வராவிட்டாலும், அதைச் செலவாகக் காட்டி அடுத்த வருட வரியையாவது குறைக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: தொழில் செய்பவர் என்றால் பெரும்பாலும் முடியும், சம்பளக்காரர் என்றால் முடியாது. இதற்கு அடிப்படையான தீர்ப்புகளில் ஒன்று உங்கள் ஊர் ஆலையின் வழக்கிலேயே வந்தது. ஸ்ரீ மீனாட்சி மில்ஸ் 1967-இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கில், தொழிலுக்காக நடத்திய வழக்கின் செலவைக் கழிக்கலாமா என்பது அந்த வழக்கின் தன்மையையும் நோக்கத்தையும் பொறுத்தது, வழக்கில் ஜெயித்தாரா தோற்றாரா என்பதைப் பொறுத்தது இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. அது வரி வழக்கு இல்லை, நூல் விற்பனைக் கட்டுப்பாடு தொடர்பானது. வரி வழக்கின் செலவுக்கும் இது பொருந்தும் என்பது 1971-இல் பிர்லா காட்டன் ஸ்பின்னிங் வழக்கில் தெளிவானது. தொழிலின் லாபத்தைக் காப்பாற்றுவதற்கான செலவு தொழில் செலவுதான்.

சம்பளக்காரருக்கு ஒரு காலத்தில் 80விவி என்ற பிரிவு இருந்தது. வரி வழக்குச் செலவில் 5,000 ரூபாய் வரை கழித்துக்கொள்ளலாம், தொழில் இல்லாதவர்களும் சேர்த்து. 1986 ஏப்ரலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். நாற்பது வருடமாகியும் ஒரு சம்பளக்காரரோ ஓய்வூதியரோ தன் மேல் தப்பாகப் போட்ட வரியை எதிர்த்து ஜெயித்தாலும், செலவு செய்த பணத்தில் ஒரு ரூபாயைக் கூடக் கழிக்க முடியவில்லை. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: கணவர் இறந்துவிட்டார். அவர் விற்ற நிலத்துக்கான வரிக் கணக்கில் இப்போது எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. மேல்முறையீடு செய்தால், தோற்றுவிட்டால் அரசாங்கத்து வக்கீல் செலவையும் நாமே கட்ட வேண்டும் என்று உறவினர் பயமுறுத்துகிறார். உண்மையா? (கும்பகோணம் வாசகி)

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. முதல் மேல்முறையீட்டில், அதாவது ஆணையரிடம் போகும்போது, யாருக்கும் செலவு போடும் அதிகாரமே அவருக்குக் கிடையாது. அங்கே கட்டணம் அதிகபட்சம் 1,000 ரூபாய், துறை நிர்ணயித்த வருமானம் ஒரு லட்சத்துக்குள் என்றால் 250. தீர்ப்பாயத்திலும் 10,000 ரூபாய்க்கு மேல் போகாது. நேர்மையாக ஒரு சந்தேகத்தைக் கொண்டுபோய் வாதாடித் தோற்றவரிடம் துறையின் வக்கீல் ஃபீஸை வசூலிக்கும் வழக்கம் இங்கே இல்லை. உயர் நீதிமன்றத்தில் கூட, பெரும்பாலான வரி மேல்முறையீடுகள் 'செலவுத்தொகை இல்லை' என்ற வரியோடுதான் முடிகின்றன. அவரவர் செலவு அவரவருக்கு.

நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. கட்டாமல் நிற்கும் டிமாண்டுக்கு 220(2) பிரிவில் மாதம் 1 சதவீதம் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். துறை தருவது மாதம் அரை சதவீதம், நம்மிடம் வாங்குவது 1 சதவீதம், இந்த வித்தியாசத்துக்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக முடிவானால் வரியில் 50 சதவீதம், வேண்டுமென்றே தப்பாகக் காட்டியதாக முடிவானால் 200 சதவீதம் அபராதமும் வரலாம். தோற்றால் உண்மையில் வலிப்பது இவைதான். ஆகவே வழக்குப் பலவீனமானது என்று ஆடிட்டர் சொன்னால் வரியைக் கட்டிவிட்டு வாதாடுவது நல்லது, வட்டி நின்றுவிடும்.

இன்னொன்று, இது பலரையும் பாதிப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வரி கட்டுபவர் மேல் தீர்ப்பாயம் செலவு போடும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு, அது தோற்றதற்காக இல்லை, வராமல் இருந்ததற்காக. இப்போது மேல்முறையீட்டு நோட்டீஸ் எல்லாம் மின்னஞ்சலுக்கும் துறையின் இணையப் போர்டலுக்கும்தான் வருகிறது. அங்கே இருப்பது பழைய ஆடிட்டரின் மின்னஞ்சலாக இருக்கும், அல்லது வெளியூரில் இருக்கும் மகனுடையதாக இருக்கும். மூன்று நான்கு நோட்டீஸுக்குப் பதில் இல்லாமல் போனதும் ஆணையர் ஒருதலைப்பட்சமாகத் தள்ளுபடி செய்துவிடுவார். பிறகு தீர்ப்பாயத்துக்கு ஓடினால், சரி, இன்னொரு வாய்ப்புத் தருகிறோம், ஆனால் சட்ட உதவி ஆணையத்துக்கு ஐயாயிரமோ பத்தாயிரமோ கட்டி ரசீது காட்டுங்கள் என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பும். சென்னை அமர்வுகளின் உத்தரவுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். உங்கள் விஷயத்தில் கணவரின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும்தான் இன்னும் பதிவில் இருக்கும். முதல் வேலையாகச் சட்டப்படியான வாரிசாகப் போர்டலில் உங்களைப் பதிவு செய்து, நீங்கள் தினமும் பார்க்கும் எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள்.

கேள்வி: ஜிஎஸ்டி உத்தரவை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டோம். உத்தரவை ரத்து செய்துவிட்டு, பிரச்சினையில் உள்ள வரியில் 25 சதவீதம் கட்டச் சொல்லிவிட்டார்கள். ஜெயித்தும் நாங்கள் எதற்குச் செலவு கட்ட வேண்டும்? (ஈரோடு வாசகர்)

பதில்: அது செலவுத்தொகை இல்லை. போர்டலில் 'கூடுதல் நோட்டீஸ்' என்ற தனிப் பகுதியில் போட்ட நோட்டீஸைப் பார்க்காமல், பதில் சொல்லாமல், வரி உத்தரவு வந்துவிட்டது என்று ஏராளமான வணிகர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். உங்கள் தரப்பைக் கேட்காமல் போட்ட உத்தரவு என்பதால் ரத்து செய்து திரும்ப விசாரிக்கச் சொல்லும்போது, அரசின் பக்கமும் பாதிக்காமல் இருக்க 10 அல்லது 25 சதவீதம் கட்டச் சொல்வது நிபந்தனை. அந்தப் பணம் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது, மறு விசாரணையில் வரி இல்லை என்று முடிவானால் திரும்பக் கேட்கலாம். உண்மையில் நீங்கள் இன்னும் ஜெயிக்கவும் இல்லை, உங்கள் தரப்பைச் சொல்ல இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். உத்தரவில் எத்தனை வாரத்துக்குள் கட்ட வேண்டும் என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். கெடு தாண்டினால் ரத்தான உத்தரவு திரும்ப உயிர்பெறும் என்றும் அதிலேயே எழுதியிருக்கக்கூடும்.

கேள்வி: தேவையில்லாமல் மேல்முறையீடு செய்யும் அதிகாரிகளுக்கு நீதிமன்றம் அபராதம் போட்டதே கிடையாதா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: போட்டிருக்கிறது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மதன் லோகுர் தலைமையிலான அமர்வு முன் வருமான வரித் துறையின் ஒரு மேல்முறையீடு வந்தது. எதிர்த்தரப்பு உத்தரப் பிரதேசத்தின் ஹாப்பூர் பில்குவா வளர்ச்சி ஆணையம். 596 நாள் தாமதமாக வந்த மனு. தாமதத்துக்குச் சொன்ன காரணம் ஏற்கும்படி இல்லை. அதைவிட மோசம், இதே மாதிரியான வழக்கு ஒன்று நிலுவையில் இருக்கிறது என்று மனுவில் எழுதியிருந்தார்கள், அதுவோ 2012-லேயே முடிந்துபோன வழக்கு. உச்ச நீதிமன்றம் உல்லாசப் பயணம் வருகிற இடமில்லை என்று நீதிபதி கடிந்துகொண்டார், 10 லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. அந்த 10 லட்சம் எங்கே போனது என்று பார்த்தால் என் வருத்தம் புரியும். உச்ச நீதிமன்றச் சட்ட உதவிக் குழுவுக்கு, சிறார் நீதிக்கான பணிகளுக்கு. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் செலவுத்தொகை என்ற ஏற்பாட்டின் அடிப்படையே, அநாவசியமாக நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டவரின் கைச்செலவை ஈடு செய்வது. துறைக்குத் தண்டனை, நிதிக்கு வரவு, ஜெயித்தவருக்கு ஒன்றுமில்லை என்பது பல உத்தரவுகளில் வழக்கமாகிவிட்டது. முதலில் எதிர்த்தரப்பின் நியாயமான செலவைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் தண்டனையாக விதிப்பதை நிதிக்கு அனுப்பலாமே.

அந்தப் பணமும் நம் வரிப்பணம்தானே, அதிகாரியின் சம்பளத்தில் பிடித்தால் என்ன என்று இதே கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். பிடிக்கலாம் என்பதற்கு அடித்தளம் உண்டு. லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில், மக்களை வேண்டுமென்றே அலைக்கழித்ததற்கான இழப்பீட்டைக் காரணமான அதிகாரிகளிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே சொன்னது. அது வரி வழக்கு இல்லை, கொள்கை பொருந்தும். இருந்தாலும் எல்லாத் தோல்விக்கும் அதிகாரியின் பையில் கை வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். மேல்முறையீடு செய்யாமல் விட்டால் ஏன் விட்டாய் என்று தணிக்கையும் விஜிலென்ஸும் கேட்கும், செய்தால் யாரும் கேட்க மாட்டார்கள், இந்தச் சூழலில்தான் அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்தப் பயத்தைக் குறைக்கத்தான் தொகை வரம்பு வைத்தார்கள். 2024 செப்டம்பர் சுற்றறிக்கையின்படி, சில விதிவிலக்குகள் தவிர, பிரச்சினையில் உள்ள வரி 60 லட்சத்தைத் தாண்டினால்தான் துறை தீர்ப்பாயம் போகலாம், உயர் நீதிமன்றத்துக்கு 2 கோடி, உச்ச நீதிமன்றத்துக்கு 5 கோடி. 2019-இல் இவை 50 லட்சம், 1 கோடி, 2 கோடியாக இருந்தன. சிறு வரிக்காரர்களை உச்ச நீதிமன்றம் வரை இழுப்பது இதனால் நன்றாகக் குறைந்திருக்கிறது. ஓர் அதிகாரி பொய் சொன்னார், கோப்பை மறைத்தார், கட்டுப்படுத்தும் தீர்ப்பைத் தெரிந்தே மீறினார் என்று நீதிமன்றமே பதிவு செய்தால், அவரையும் கேட்டுவிட்டு, அவர் சம்பளத்தில் பிடிக்கட்டும்.

கேள்வி: அமெரிக்காவில் வரித் துறை தோற்றால் நம் வக்கீல் ஃபீஸைத் தந்துவிடும் என்று நியூ ஜெர்சியில் இருக்கும் என் மகன் சொல்கிறான். அப்படியா? (கோவை வாசகர்)

பதில்: எப்போதும் இல்லை, ஆனால் அங்கே அதற்கென்றே தெளிவான சட்டம் இருக்கிறது. அவர்களின் வரிச் சட்டத்தில் 7430-ஆவது பிரிவு. ஜெயித்தவர் நியாயமான வழக்குச் செலவைக் கேட்கலாம். தனிநபர் என்றால் நிகரச் சொத்து 20 லட்சம் டாலருக்கு மேல் இருக்கக் கூடாது, துறைக்குள் இருக்கும் மேல்முறையீட்டு வழிகளை முதலில் முயன்றிருக்க வேண்டும். முக்கியமானது, அரசின் நிலைப்பாட்டுக்குப் போதிய நியாயம் இருந்தது என்று அரசு நிரூபித்துவிட்டால் செலவு கிடைக்காது. நிரூபிக்கும் பொறுப்பு அரசுடையது என்பதைக் கவனியுங்கள். நம் சட்டத்துக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒரு விஷயம். இங்கே ஜெயித்தவர்தான் எனக்கு ஏன் செலவு தர வேண்டும் என்று கெஞ்ச வேண்டியிருக்கிறது, தோற்ற துறை ஏன் தர வேண்டாம் என்று விளக்க வேண்டியதே இல்லை.

கேள்வி: தீர்ப்பாயத்தில் என் வழக்கு அடுத்த மாதம் வருகிறது. செலவு கேட்க வேண்டும் என்றால் இப்போது என்ன செய்வது? வக்கீல், கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள் என்கிறார். (சேலம் வாசகி)

பதில்: உங்கள் ஊர்ப் பெயரிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது, வக்கீலிடம் எடுத்துச் சொல்லுங்கள். சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், பெயரளவுக்கு ஒரு தொகை போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஜெயித்தவர் செலவழித்த நேரம், போக்குவரத்து, தங்குமிடம் உட்பட நியாயமான உண்மைச் செலவைத் தர வேண்டும் என்று சொன்னது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவும், தோற்றவர் மேல் செலவு போடவில்லை என்றால் நீதிமன்றம் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பின்னால் சஞ்சீவ் குமார் ஜெயின் வழக்கில், விதிகள் அனுமதிக்கும் அளவுக்குள்தான் போட முடியும் என்று உச்ச நீதிமன்றமே ஒரு கட்டுப்பாட்டைச் சொன்னது. பொய் வழக்குக்கான 35ஏ பிரிவின் வரம்போ இன்னும் 3,000 ரூபாயிலேயே நிற்கிறது, 1976-இல் வைத்தது. ஆனால் இவை சிவில் நீதிமன்றத்துக்கான கட்டுகள். தீர்ப்பாயத்தின் 254(2பி) அதிகாரத்தில் அப்படி ஒரு தொகை வரம்பு எழுதப்படவில்லை. 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் வந்திருந்தாலும் பழைய ஆண்டுகளின் வழக்கு பழைய சட்டப்படிதான் நடக்கும், அதனால் இந்தப் பிரிவையே சொல்லலாம்.

மேல்முறையீட்டு மனுவில் செலவு கேட்கவில்லை என்றால், கூடுதல் காரணமாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு மனு இப்போதே போடச் சொல்லுங்கள். கூடவே ஒரு பக்கத்தில் செலவுப் பட்டியல்: மேல்முறையீட்டுக் கட்டணத்தின் செலான், ஆடிட்டர் பில், வக்கீல் பில், பயண டிக்கெட். பில் இல்லாமல் கையில் கொடுத்த பணத்தைச் சேர்க்காதீர்கள், அது மற்றதன் மேலும் சந்தேகத்தைக் கொண்டுவரும். எல்லாவற்றையும்விட, துறை எங்கே நியாயமில்லாமல் நடந்தது என்பதைத் தேதியோடு காட்ட வேண்டும். எந்தத் தேதியில் எந்த ஆவணம் கொடுத்தீர்கள், உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, இதே விஷயத்தில் முந்தைய ஆண்டு உங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்திருந்தும் திரும்ப வரி போட்டார்கள், இப்படி. ஜெயித்தேன் என்பது மட்டும் போதாது, இந்த வழக்கே வந்திருக்கக் கூடாது என்று காட்டினால்தான் உறுப்பினர்கள் யோசிப்பார்கள். வாதம் முடிந்து எழுந்துவிடும் முன், செலவு பற்றிய காரணத்தையும் வலியுறுத்துகிறோம், மறுப்பதானால் காரணத்தைப் பதிவு செய்யுங்கள் என்று வக்கீல் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், அந்தக் காரணம் வலியுறுத்தப்படவில்லை என்று எழுதித் தள்ளுபடி செய்துவிடுவார்கள்.